புதிர் பேசும் குரு: சிறுவர் சித்திரத் தொடரும் நல்லூர்த் தேரடியும்

பளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சிறுவர்க்கு வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகள் பார்ப்பவற்றைத் தாமும் அருகிருந்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கும் உதவும் நோக்குடன் இக்கட்டுரை வரையப்படுகின்றது. இளைஞர் மன்றங்களிலும் இதனை வாசித்துக் கலந்துரையாடலாம்.

பிள்ளைகள் கதை கேட்கும் இடம் மாறிவிட்டதென்பது யாவரும் அறிந்ததே. முற்றத்தில் ஆச்சி சொன்ன கதைக்குப் பதிலாக இன்று கைத்தொலைபேசியில் கார்ட்டூன் ஓடுகின்றது. பழைய தொடர்களும் புதிய தொடர்களும் ஒரே பெட்டிக்குள் கிடைப்பதால், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒளிபரப்பானதொன்றை இன்று பளைப் பெடியன் பார்ப்பதற்குத் தடை எதுவுமில்லை. இதைக் குறையாக நான் கூறவில்லை. அக்கதைகளுள் வரும் மனிதரைப் பற்றி நாம் பிள்ளைகளோடு கதைப்பதில்லை என்பதே என் கவலை. இவ்வகைத் தொடர்களில் அடிக்கடி தோன்றும் ஒரு பாத்திரத்தை இவ்வாரம் எடுத்து நோக்குவோம்: எல்லாம் அறிந்தவராய் இருந்தும் எதனையும் நேராகச் சொல்லாத குரு.

(குரு என்றவுடன் பீடத்தில் நிற்கும் குருவானவரே எம்மவர் நினைவில் வருவார். இங்கு அச்சொல்லை வழிகாட்டும் ஆசான் என்ற பொதுப் பொருளிலேயே வழங்குகின்றேன்.)

தோன்றி மறையும் சிறு கிழவர்

இவ்வகைப் பாத்திரத்துக்குச் சரியான உதாரணம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற சித்திரத் தொடரில் இருக்கின்றது. 1983 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 27 அங்கங்களாக வந்த தொடர் இது. களியாட்ட விழாவொன்றில் இராட்டினம் போன்ற வண்டியில் ஏறிய ஆறு பிள்ளைகள், மந்திரவாதிகளும் நாகங்களும் நிறைந்த வேற்றுலகில் போய் விழுகின்றனர். அங்கே செந்நிற அங்கி தரித்த, குள்ளமான, முன் தலை வழுக்கை விழுந்த கிழவர் ஒருவர் அவர்கள்முன் தோன்றுகின்றார். அவர் பெயர் டஞ்சன் மாஸ்டர். ஆறு பேருக்கும் ஆறு ஆயுதங்களைக் கொடுக்கின்றார். ஒருவனுக்கு வில், ஒருவனுக்குக் கேடயம், ஒருத்திக்கு அணிந்தவரை மறைக்கும் மேலாடை என்றவாறு.

பிள்ளைகளுக்கு வேண்டியது ஒன்றே. வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு வழி கேட்டால் கிழவர் ஒரு புதிரைச் சொல்லுவார். எமது ஊர் வழக்கில் சொன்னால் நொடி போடுவார். 'அதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்க வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஏறக்குறைய ஒவ்வொரு அங்கத்திலும் இதுவே நிகழ்கின்றது. கேடயம் பெற்ற எரிக் என்ற பையன் மாத்திரம் இதனைப் பொறுக்கமாட்டாமல் முணுமுணுப்பான். அவனை ஒரு கோழையாகவும் சிடுமூஞ்சியாகவும் தொடர் காட்டினும், அவனது கேள்வி நியாயமான கேள்வியே: வழி தெரிந்தவர் ஏன் வழியைச் சொல்லவில்லை?

இக்கேள்விக்கு விடை காணாமல் அப்பாத்திரத்தைப் 'பெரிய ஞானி' என்று புகழ்ந்துவிடுவது எளிது. 'ஏமாற்றுக்காரர்' என்று தள்ளிவிடுவதும் எளிது. இரண்டும் அவசரத் தீர்ப்பே. மறைபொருளாய்ப் பேசும் ஆசான்களை எங்கள் மண் நன்றாகவே அறியும். ஆதலால் முதலில் எங்கள் மண்ணைப் பார்ப்போம்.

கிளிநொச்சிக் களஞ்சியக்காரர்

தமிழரிடையே வாய் திறவாக் குருவுக்குத் தனி மதிப்புண்டு. கல்லால மரத்தின்கீழ் மௌனமாய் இருந்து முனிவர்க்கு உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியின் உருவத்தைச் சைவ ஆலயங்களின் தெற்குச் சுவரில் காணலாம். திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த தாயுமானவர்க்குக் குருவாக வாய்த்தவர் மௌனகுரு என்றே அழைக்கப்பட்டார். அவர் தம் சீடர்க்குச் சொன்ன உபதேசம் 'சும்மா இரு' என்ற இரண்டே சொல் என்பர். இவை தூரத்துச் செய்திகள். எமக்கு மிகக் கிட்டிய செய்தி ஒன்றுண்டு.

கண்டி வீதியில் பளைக்குத் தெற்கே, ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி. ஏறக்குறைய ஒரு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியக் காப்பாளராக ஓர் இளைஞர் வேலை பார்த்தார். 1872ஆம் ஆண்டு மே மாதம் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். இளமையில் தாயை இழந்து, கொழும்புத்துறையில் உறவினரிடம் வளர்ந்தவர். கத்தோலிக்கரான உறவினர் ஒருவரின் ஆதரவில் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் கற்றவர். அங்கு அவருக்கு வழங்கிய பெயர் ஜோன் என்பது. இந்த ஜோன்தான் பின்னாளில் இலங்கை முழுவதும் யோகர் சுவாமிகள் என்று அறியப்பட்டார். எமது கல்லூரியொன்றின் பதிவில் இருந்த பெயர் பிறிதொரு சமயத்தாரின் பெரும் ஞானியுடைய பெயராயிற்று. இதில் எவரும் நாணவேண்டியதில்லை.

களஞ்சிய வேலை எத்தகையதென்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனை மண்வெட்டி வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று கணக்கு வைப்பது. எல்லாவற்றுக்கும் ஒரு எண், ஒரு பதிவு, ஒரு கையொப்பம். இப்படிக் கணக்குச் சுத்தமான மனிதர் ஒருவர், எந்தக் கணக்குக்கும் அகப்படாத ஆசானிடம் போய்ச் சேர்ந்தார் என்பதை நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் வருகின்றது, வியப்பும் வருகின்றது.

அந்த ஆசான் நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகள். அவரும் முன்னர் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர்தான். பெரியகடைப் பகுதியில் திரிந்ததால் கடையிற் சுவாமி எனப் பெயர் பெற்ற துறவியின் வழியில் வந்தவர். ஆனால் யோகர் காணச் சென்ற காலத்தில் ஊரார் அவருக்கிட்ட பெயர் 'விசரன்' என்பதே. கந்தை உடுத்திருப்பார். தமக்குத் தாமே பேசிக்கொள்வார். போவோர் வருவோரை ஏசுவார். சமைப்பார், சமைத்த சோற்றை உண்ணும் வேளையில் பானையைப் போட்டு உடைத்துவிடுவார். கும்பிட வருவோர்க்குத் திருநீறு கொடுத்து நல்ல வார்த்தை சொல்லியனுப்பும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. தம்மைப் பைத்தியமென்று பலரும் ஒதுங்கிப் போவதையே அவர் விரும்பினார் என்று அடியார்கள் கூறுவர்.

1905ஆம் ஆண்டளவில் ஒருநாள் யோகர் அவ்வழியே வந்தபோது, செல்லப்பா சுவாமிகள் 'நீ யார்?' என்னும் பொருள்பட ஏகவசனத்தில் அதட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அக்கேள்விக்குப் பெயரையோ ஊரையோ உத்தியோகத்தையோ விடையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யோகர் அப்படிச் செய்யவில்லை. கேள்வி அவருள் தைத்துவிட்டது. அதன்பின் கிளிநொச்சியில் வேலையில் இருந்துகொண்டே, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நாற்பது மைல் அளவு வழி கடந்து நல்லூர் சென்றார். பளையைக் கடவாமல் அவ்வழி இல்லை. வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும் அதே 1905ஆம் ஆண்டிலாகும். சில ஆண்டுகளில் உத்தியோகத்தையும் விட்டார்.

ஏச்சும் நாலு வாக்கியமும்

செல்லப்பா சுவாமிகள் நூல் எதுவும் எழுதவில்லை. பிரசங்கம் செய்யவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கூறியவையாக இன்றும் சைவ அன்பர் நாவில் வழங்குவன நாலு சிறு வாக்கியங்கள்: ஒரு பொல்லாப்புமில்லை, எப்பவோ முடிந்த காரியம், நாமறியோம், முழுதும் உண்மை. நாலையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தால் பத்து வார்த்தை தேறாது. இவற்றுக்கு அவர் உரை கூறியதாகவும் செய்தியில்லை.

டஞ்சன் மாஸ்டரின் நொடிக்கும் இவ்வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே கவனிக்கவேண்டும். சித்திரத் தொடரில் வரும் நொடி ஒரு பூட்டு. அங்கத்தின் முடிவில் சாவி கிடைத்துவிடும். இன்ன கோட்டை, இன்ன வாசல், இன்ன நாகம் என்று பொருள் விளங்கியதும் நொடியின் வேலை முடிந்தது. அடுத்த கிழமை வேறொன்று. தேரடியில் சொல்லப்பட்டது அத்தகையதன்று. 'நாமறியோம்' என்பதை விடுவிக்க எந்தச் சாவியுமில்லை. அதைக் கேட்டவர் தாம் அறிந்ததாக நினைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கவேண்டியதாகின்றது. ஒன்று கேட்பவனின் மூளைக்கு வேலை கொடுக்கின்றது. மற்றது கேட்பவனையே வேலைக்கு எடுத்துக்கொள்கின்றது.

ஏச்சுக்கும் ஒரு பொருளுண்டு. குரு புகழ்ந்தால் சீடனுக்கு இனிக்கும். இனித்தால் அப்புகழுக்காகவே வருவான். ஏசினால் புகழை நாடி வருபவன் அன்றே போய்விடுவான். உண்மையை நாடி வருபவன் மாத்திரம் மறுபடி வருவான். இவ்வாறு சலித்தெடுக்கும் முறை கொடியது என்பதை நான் மறுக்கவில்லை. வளர்ந்த ஒருவர், தம் விருப்பத்தோடு, போகவும் வரவும் சுதந்திரமுள்ளவராய் ஏற்றுக்கொண்டமையால்தான் அதைப் போதனை என்கின்றோம். அதே ஏச்சை வகுப்பிலே எட்டு வயதுப் பிள்ளைமேல் பிரயோகிக்கும் ஆசிரியர் தம்மைச் செல்லப்பா சுவாமியாக எண்ணிக்கொள்ளவேண்டாம். பிள்ளைக்குப் போகச் சுதந்திரமில்லை. மணி அடிக்கும்வரை அங்கேதான் இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஒரு வாக்கியம் யாரிடம், எப்போது சொல்லப்படுகின்றதென்பது பெரிது. 'ஒரு பொல்லாப்புமில்லை' என்பது யோகரின் உள்ளத்தைத் திறந்திருக்கலாம். 2009இல் கைப்பிடியிலிருந்து பிரிந்த மகனை இன்றும் தேடும் தாயிடம் போய் அதே வார்த்தையைச் சொல்பவன் ஞானியல்லன். யோகர் சுவாமிகள் மறைந்தது 1964 மார்ச்சில். எம் பகுதி கண்ட அழிவை அவர் காணவில்லை. அவரது குருவின் சொல்லை அவ்வழிவின் மேல் போர்த்தி மூட எவர்க்கும் உரிமையில்லை. ஞானியரின் மறைமொழி ஊருக்கெல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டையன்று.

போகவிட்ட குரு

செல்லப்பா சுவாமிகளைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அவர் பேசியதன்று, சீடரை அனுப்பிவிட்டதே. அக்காலத்தில் அவரோடு வேறொரு சீடரும் இருந்தார். ஒரு தறியிலே இரண்டு யானைகளைக் கட்டமுடியாது என்ற கருத்தைச் சொல்லி, அவர் யோகரைத் தம்மிடமிருந்து அகற்றினார் என்பர். 1910ஆம் ஆண்டளவில் யோகர் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை போனார். திரும்பிவந்து கொழும்புத்துறை வீதியில் ஓர் இலுப்பை மரத்தடியில் வெயில் மழை பாராது ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1915இல் செல்லப்பா சுவாமிகள் நோயுற்றிருந்தபோது காணச் சென்றவரைக் குடிலுக்குள் வரவிடாமல், வெளியே நின்றே பார் என்றாராம் குரு. யோகர் வெளியே நின்றார். அவ்வாண்டே குரு மறைந்தார்.

நல்ல உலகாயதப் புத்தியோடு இதனைப் பார்ப்போம். இப்படியொரு சீடர் வாய்த்தால் சாதாரண மனிதர் விடுவாரா? பக்கத்தில் இருத்தி, மடம் கட்டி, கூட்டம் சேர்த்து, தமக்குப் பின் வாரிசென்று பறைசாற்றுவார். செல்லப்பா சுவாமிகளிடம் மடமுமில்லை, பணமுமில்லை. சீடரிடம் அவர் மறைத்ததனால் தமக்கென்று அடைந்த இலாபம் ஒரு சதமுமில்லை. அவரை நாம் நம்புவதற்கு அவர் பேச்சின் ஆழத்தைவிட இதுவே பெரிய சாட்சியென எனக்குப் படுகின்றது.

அனுப்பப்பட்ட சீடர் சும்மா இருக்கவில்லை. கொழும்புத்துறைக் குடிலில் அரை நூற்றாண்டுக் காலம் படித்தவரும் பாமரரும், அரசியல்வாதிகளும் கமக்காரரும், சைவரும் பிறமதத்தவரும் அவரைத் தேடி வந்தனர். 1935இல் 'சிவதொண்டன்' சஞ்சிகை தொடங்கியது. 1949 முதல் 1954 வரை இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மகன் அவரிடம் வந்து சந்தசுவாமி ஆனார். இங்கும் குருவைப் போலவே சிலரை இருக்கச் சொல்லியும் சிலரை வந்த வழியே திருப்பியும் விடுவாராம். ஆனால் ஒரு வித்தியாசம்: குரு எழுதாததைச் சீடர் பாடினார். எவரும் பாடக்கூடிய எளிய தமிழில் அவர் பாடிய பாடல்கள் 'நற்சிந்தனை' என்ற பெயரில் நூலாயின. தேரடியில் புதிராய்க் கேட்டது கொழும்புத்துறையில் ஊரார் பாடும் பாட்டாயிற்று.

யாருக்கு இலாபம்?

இப்போது மீண்டும் சித்திரத் தொடருக்கு வருவோம். டஞ்சன் மாஸ்டருக்கு ஓர் எதிரி உண்டு. வெஞ்சர் என்ற ஒற்றைக் கொம்பன். பிள்ளைகளின் ஆயுதங்களைப் பறிக்கத் துரத்திக்கொண்டே இருப்பவன். அந்த வெஞ்சர் டஞ்சன் மாஸ்டரின் சொந்த மகன். தொடரில் இது ஓரிடத்தில் சாடையாகவே வெளிப்படுகின்றது. படமாக்கப்படாமற்போன கடைசி அங்கத்துக்காக மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய பிரதியிலேதான் வெளிப்படையாக வருகின்றது. அவ்வங்கம் தயாரிக்கப்படாமையால், ஒளிபரப்பான தொடரில் பிள்ளைகள் வீடு திரும்பியதை எவரும் கண்டதில்லை.

இதை அறிந்தபின் பழைய அங்கங்களைப் பார்த்தால் கிழவரின் மௌனம் வேறு நிறம் காட்டுகின்றது. பிள்ளைகள் யாரோடு போராடுகின்றார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வளரட்டும் என்பதற்காகச் சொல்லவில்லையா? தம் மகன் திருந்தவேண்டும் என்ற தமது ஆவலுக்காகச் சொல்லவில்லையா? தொடரை எழுதியோர் முதலாவதையே நினைத்திருக்கலாம். ஆயினும் பிறர் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்துத் தன் வீட்டு வழக்கைத் தீர்க்க முயலும் தகப்பனை நான் ஞானி என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றேன். அவர்பால் ஒரு நீதியும் செய்யவேண்டும். ஓர் அங்கத்தில் தமது அங்கியையும் வல்லமையையும் கழற்றி, எப்போதும் குறை சொல்லும் எரிக்கிடமே கொடுக்கின்றார். கேள்வி கேட்டவனை அவர் பகைக்கவில்லை. அது நல்ல குறி.

பளையில் வாழ்வோர்க்கு இது வெறும் கார்ட்டூன் விவகாரமன்று. காரணம் கேளாமல் பின்னால் வரும்படி சிறுவரிடம் கேட்கப்பட்ட நாட்களை இப்பகுதிப் பெற்றோர் மறந்திலர். போர் ஓய்ந்த பின்னரும் வேறு உருவங்களில் அக்குரல் வரவே செய்கின்றது. வெளிநாடு அனுப்புகின்றேன், வீட்டாருக்குச் சொல்லாதே என்பவன் உண்டு. உனக்கு மாத்திரம் ஒரு இரகசியம் தெரியவேண்டும் என்று கைத்தொலைபேசியில் பழகுபவன் உண்டு. மந்திரம் செபித்துக் காணாமற்போனவரைக் காட்டுவேன் என்று பணம் கறப்பவனும் உண்டு. தகப்பனை இழந்த வீட்டுப் பிள்ளை, எல்லாம் தெரிந்தவர்போல் பேசும் ஒரு வளர்ந்த மனிதரைக் கண்டால் இலகுவில் சாய்ந்துவிடும். மறைத்துப் பேசுபவரெல்லாம் ஆழமானவர் என்று கதைகள் கற்பித்துவிட்டால், அப்பிள்ளைக்குக் காவல் எங்கே?

முகமாலை, இத்தாவில், கிளாலிப் பக்கங்களில் 2009க்குப் பின் பல ஆண்டுகளாக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நடப்பட்டிருந்தமை நினைவிருக்கும். அப்பலகையில் எவரும் நொடி எழுதவில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும்படி படம் வரைந்து வைத்தார்கள். உயிராபத்து இருக்குமிடத்தில் மறைமொழிக்கு வேலையில்லை. டஞ்சன் மாஸ்டர் பல தருணங்களில் தவறுவது இங்கேதான். கண்ணிவெடி வயலின் ஓரத்தில் நின்று கவிதை சொல்கின்றார்.

செல்லப்பா சுவாமிகளின் புதிர் அத்தகைய இடத்திலன்று. கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியை அவர் யோகரிடமிருந்து மறைக்கவில்லை. சொல்லியும் கொடுக்கமுடியாத ஒன்றையே சொல்லாமல் விட்டார். சொல்லக்கூடியதைச் சொல்லாமல் விடுவது வேறு. சொல்லில் அடங்காததை அடக்க முயலாமல் விடுவது வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

எமது நற்செய்தியிலும் உவமைகள் உண்டு. கூட்டத்தினர்க்கு உவமையாய்ச் சொல்லப்பட்டவை சீடர்க்குத் தனிமையில் விளக்கப்பட்டதாக மாற்கு எழுதுகின்றார். யோவான் காட்டும் கடைசி இராவுணவில் ஆண்டவர் சீடரை ஊழியர் என்னாது நண்பர் என்கின்றார். தலைவன் செய்வது இன்னதென்று ஊழியனுக்குத் தெரியாது என்பதையே அதற்குக் காரணமாகவும் கூறுகின்றார். அங்கே மறைபொருள் ஒரு படி; கடக்கவேண்டிய படி. அதிலேயே நிறுத்தி வைப்பது நோக்கமன்று.

இன்னொரு தொடர், இன்னொரு கிழவர்

வகுப்பில் ஒப்பிட்டுக் காட்ட மற்றொரு தொடர் நன்கு பயன்படும். 2005 முதல் 2008 வரை 61 அங்கங்களாக வந்த 'அவதார்: த லாஸ்ட் எயர்பெண்டர்' என்பது அது. மைக்கேல் டான்ட்டே டிமார்ட்டினோ, பிரயன் கொனியெட்ஸ்கோ என்ற இருவர் படைத்தது. அதில் பாதிக் என்ற பெயருடைய குரு வருகின்றார். நூற்றைம்பது வயதுக் கிழவர். தாடியும் காவியும் தரித்த எம் நாட்டுச் சாமியார் போன்ற தோற்றம். வடமொழியில் அப்பெயருக்கு வழிப்போக்கன் என்று பொருள். பதிகன் என்று பழந்தமிழ் அகராதியிலும் இச்சொல் உண்டு. வெங்காயமும் வாழைப்பழமும் சேர்த்து அரைத்த பானத்தை அவர் குடிப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவர் நொடி போடுவதில்லை. ஆங் என்னும் சிறுவனை இருத்தி, உடலின் ஏழு சக்கரங்களையும் ஒவ்வொன்றாய், ஓடும் நீரில் தேங்கிக் கிடக்கும் பாசியை விலக்கிக் காட்டி விளக்குகின்றார். ஒவ்வொன்றையும் அடைப்பது அச்சம், குற்றவுணர்வு, வெட்கம், துயரம் போன்ற எவையென்றும் வெளிப்படையாகச் சொல்கின்றார். ஏழாவதில் பிரச்சினை எழுகின்றது. பற்றை விடவேண்டும் என்கின்றார் குரு. தான் நேசிக்கும் தோழி ஆபத்தில் இருப்பதை மனக்கண்ணில் கண்ட சிறுவன் எழுந்து புறப்படுகின்றான். இப்போது எழுந்தால் இன்ன நட்டம் வரும் என்று குரு தெளிவாக எச்சரிக்கின்றார். ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பொய் சொல்லிப் பயமுறுத்தவுமில்லை. சிறுவன் போகின்றான். நட்டமும் வருகின்றது.

பாதிக்கின் போதனையை அப்படியே ஏற்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. அன்பைப் பற்றென்று தள்ளுவது சரிதானா என்பதே நல்லதொரு விவாதப் பொருள். பையன் செய்ததே சரியென்று வாதிடும் பிள்ளைகள் வகுப்பில் பலர் இருப்பர். என் சார்பும் ஏறக்குறைய அப்பக்கமே. ஆயின் குரு நடந்துகொண்ட முறையில் குற்றம் காண்பதரிது. சொல்லக்கூடியதைச் சொன்னார். விலையையும் சொன்னார். பின்பு விட்டுவிட்டார்.

வகுப்பு நடத்துவோர்க்கு

இப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இரு தொடர்களிலும் ஒவ்வொரு அங்கத்தைப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். தனியே பார்க்கவிட்டுப் பின்பு கேள்வி கேட்பதில் பயனில்லை. சிரிக்குமிடத்தில் நீங்களும் சிரிக்காவிட்டால் பிள்ளைகள் மனந்திறந்து கதைக்கமாட்டார்கள். பெரியவர்கள் இருந்தால் செல்லப்பா சுவாமி, யோகர் சுவாமி பற்றித் தாம் கேள்விப்பட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். எம்மூர்களில் யோகரைக் கண்ட பெற்றோர், பேரர் உடைய குடும்பங்கள் இன்னும் உள்ளன. சைவப் பிள்ளைகளும் கலந்துகொண்டால் மிக நன்று.

பிறகு எரிக்கின் கேள்வியை முன்வையுங்கள்: வழி தெரிந்தவர் ஏன் சொல்லவில்லை? விடையை நீங்கள் சொல்லவேண்டாம். இந்தக் குரு மறைப்பதால் யாருக்கு இலாபம், அவரிடம் எதிர்க்கேள்வி கேட்கலாமா, அவரை விட்டுப் போக விடுவாரா, அவர் சொன்னதை அம்மாவிடம் சொல்லத் தடை போடுகின்றாரா என்று கேட்டுச் செல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மாத்திரம் ஆசிரியர் விடையையும் சேர்த்துச் சொல்லவேண்டும், புதிராக அன்று, முகமாலைப் பலகைபோல: அம்மாவிடம் சொல்லாதே என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

வளர்ந்த இளைஞர் மன்றத்தில் இன்னொரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். நோயுற்ற குரு குடிலுக்குள் வராதே, வெளியே நின்று பார் என்றபோது யோகருக்குக் கோபம் வந்திருக்குமா? எங்களில் எத்தனை பேர் அவ்வாசலில் நின்றிருப்போம்?